சர்வேயரைக் கேளுங்கள்: கைவிட்ட சுரங்கத்துக்கு யாரிடம் அனுமதி?

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்குமேல் ஏதாவது ஒரு குழிக்குள் இறங்குவதைப் பற்றித்தான். பட்டா பெயர் மாற்றம், பாகப்பிரிவினை, வரப்புத் தகராறு என்று எழுதியவர்கள் கோபிக்க வேண்டாம். அடுத்த இதழில் அவர்கள்தான் முதலில்.

கேள்வி: நான் கீழக்கரைக்காரன். இங்கிலாந்தில் ஷெஃபீல்டில் மேற்படிப்பு படிக்கிறேன். இங்கே மாணவர்கள் சிலர் சேர்ந்து லீவு நாட்களில் டெர்பிஷயரில் உள்ள பழைய ஈயச் சுரங்கங்களுக்குள் இறங்கிப் பார்க்கிறார்கள். எனக்கும் ஆசை வந்துவிட்டது. சுரங்கங்கள் இருப்பது தனியார் பண்ணை நிலத்தில். "யார் பார்க்கப் போகிறார்கள், வேலியைத் தாண்டிப் போய்விடலாம்" என்கிறார்கள் சிலர். "அனுமதி வாங்காமல் போகக் கூடாது" என்கிறார்கள் சிலர். யாரிடம் வாங்குவது? மாட்டிக்கொண்டால் விசாவுக்கு ஆபத்தா? உம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை.
— வாசகர், கீழக்கரை (தற்போது ஷெஃபீல்டு)

பதில்: தம்பி, முதலில் உம்மாவுக்குச் சொல்லுங்கள். ஏன் என்று கடைசியில் வருகிறேன்.

யாருடைய சுரங்கம் என்ற கேள்விக்கு டெர்பிஷயரில் ஒரே பதில் கிடையாது. மேல்மண் பண்ணைக்காரருடையது. அடியில் இருக்கும் ஈயம் பெரும்பாலும் அவருடையது இல்லை. அந்த மாவட்டத்தில் 'ராஜாவின் வயல்' என்று சொல்லப்படும் பகுதியில் ஈயத்தின் மீதான உரிமை அரச குடும்பத்தின் லங்காஸ்டர் சொத்தைச் சேர்ந்தது. அங்கே யார் வேண்டுமானாலும் யார் நிலத்தில் வேண்டுமானாலும் ஈயம் தேடித் தோண்டலாம் என்பது பழைய வழக்கம். கல்லறைத் தோட்டம், வீட்டுத் தோட்டம், பழத்தோட்டம், பொதுச்சாலை, இவற்றை மட்டும் தொடக் கூடாது. இந்த வழக்கத்துக்கென்றே பார்மோட் என்ற தனி நீதிமன்றம் இருந்தது. 1851, 1852-ஆம் ஆண்டுச் சட்டங்களால் முறைப்படுத்தப்பட்டு, வர்க்ஸ்வொர்த் என்ற சிற்றூரில் இன்றைக்கும் சடங்காகக் கூடுகிறது. தாது அளக்கும் பித்தளைப் பாத்திரம் ஒன்று அங்கே இருக்கிறது. எட்டாம் ஹென்றி காலத்தில், 1513-இல் செய்தது. நம்மூர்ப் படி, மரக்கால் மாதிரி அளவைதான். அளப்பதற்கென்றே வாழ்ந்தவன் நான். அந்தப் பாத்திரத்தை ஒருமுறை பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.

ஆனால் "நான் ஈயம் தேடத்தான் வந்தேன்" என்று பண்ணைக்காரரிடம் சாமர்த்தியம் பேசாதீர்கள். அந்த உரிமை தோண்டிப் பிழைத்தவனுக்கு உரியது, வேடிக்கை பார்க்க வருகிறவனுக்கு இல்லை. அதேபோல, 2000-ஆம் ஆண்டில் வந்த சட்டம் மேட்டு நிலங்களில் யாரும் கால்நடையாகத் திரியலாம் என்று அனுமதி தந்திருக்கிறது. அதுவும் நிலத்தின் மேலே நடக்கத்தான். அதை நீட்டி ஷாப்டுக்குள், அதாவது சுரங்கத்தின் செங்குத்துக் குழிக்குள், இறங்கக் கூடாது.

ஆகவே கேட்க வேண்டியவர், யாருடைய கேட்டைத் திறந்து நீங்கள் உள்ளே போகிறீர்களோ அந்தப் பண்ணைக்காரர். அவர் யார் என்று தெரியாவிட்டால் பீக் டிஸ்ட்ரிக்ட் சுரங்க வரலாற்றுச் சங்கத்திடம் கேளுங்கள். 1959 முதல் இயங்குகிற சங்கம். எந்த ஷாப்டுக்கு மூடி போட்டிருக்கிறது, எதற்குப் பூட்டு, சாவி யாரிடம், எந்தப் பண்ணைக்காரர் நல்ல மனநிலையில் இருக்கிறார் என்பதெல்லாம் அங்கே தெரியும். அவர்கள் பத்துப் பதினைந்து வருஷம் பேசிச் சம்பாதித்து வைத்த அனுமதியை, வேலி தாண்டுகிற ஒருவன் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் கெடுத்துவிடுவான். அப்புறம் அந்த வாய்க்குக் கான்கிரீட்தான்.

பண்ணைக்காரர் ஏன் தயங்குகிறார் என்று புரிந்துகொண்டால் பேசுவது சுலபம். உங்களைத் திருடன் என்று அவர் நினைக்கவில்லை. தன் நிலத்தில் ஒரு பிணம் விழுந்துவிடுமோ என்றுதான் பயப்படுகிறார். கைவிட்ட சுரங்கத்தின் வாயை அடைத்தோ வேலி போட்டோ வைக்க வேண்டும் என்று 1954-ஆம் ஆண்டுச் சட்டம் உரிமையாளர் தலையில் கட்டியிருக்கிறது. அனுமதியோடு வந்தவருக்கு நேரும் விபத்துக்கு நில உரிமையாளர் பொறுப்பு என்று 1957-இல் ஒரு சட்டம். அழையாமல் நுழைந்தவனுக்கும் ஓரளவு பொறுப்பு உண்டு என்று 1984-இல் இன்னொரு சட்டம். ஆபத்தைத் தெரிந்தே, தானாக ஏற்று உள்ளே போனவனுக்கு அவ்வளவு பொறுப்பில்லை என்றும் அந்தச் சட்டங்களிலேயே இருக்கிறது. ஆனால் ஆடு மேய்க்கிற மனுஷன் ராத்திரி பதினோரு மணிக்குச் சட்டப் பிரிவை நினைத்துக்கொண்டா தூங்கப் போகிறார்? குகைக்குள் இறங்குகிறவர்களின் சங்கமான பிரிட்டிஷ் கேவிங் அசோசியேஷனில் சேர்ந்தால் உறுப்பினருக்குப் பொதுப் பொறுப்புக் காப்பீடு கிடைக்கும். அந்த அட்டையைக் காட்டிப் பேசுங்கள். பாதிப் பயம் போய்விடும். அவர் ஒன்றிரண்டு பவுண்டு கேட்டால் முணுமுணுக்காமல் கொடுங்கள். கேட் திறந்திருந்தால் திறந்தபடியும் மூடியிருந்தால் மூடியபடியும் விட்டுப் போங்கள். வசந்த காலத்தில் ஆடு குட்டி போடும் சமயம் வராதே என்றால் வராதீர்கள். கிடை போட்டு ஆடு வளர்க்கிற மாவட்டத்தில் பிறந்தவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. குளிர்காலத்தில் சில சுரங்கங்களில் வௌவால்கள் உறங்கும். அவற்றைத் தொந்தரவு செய்வது அங்கே குற்றம்.

விசா கேள்விக்கு வருகிறேன். இங்கிலாந்தில் வெறுமனே அடுத்தவர் நிலத்தில் கால் வைப்பது பெரும்பாலும் சிவில் விவகாரம்தான். பூட்டை உடைத்தால், மூடியை அறுத்தால் அது சொத்துச் சேதம், போலீஸ் வழக்கு. வெளிநாட்டு மாணவனுக்கு அது வேண்டாத வினை.

அனுமதி கிடைத்துவிட்டது என்பதற்காக உள்ளே இருக்கும் காற்று நல்ல காற்றாகிவிடாது. நல்ல காற்றில் ஆக்சிஜன் 20.9 சதவீதம். 19.5-க்குக் கீழே இறங்கினால் கையில் கொண்டுபோகும் காற்று மீட்டர் கத்தும். கத்தினால் திரும்பி நடங்கள், ஏன் கத்துகிறது என்று ஆராய்ச்சி செய்ய வேண்டாம். நம்மூரில் கிணற்றுக்குள் அரிக்கேன் விளக்கை இறக்கிப் பார்ப்பார்கள். ஆக்சிஜன் குறைந்தால் விளக்கு அணையும். கார்பன் மோனாக்சைடு இருந்தால் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும், ஆள்தான் விழுவான். 1959 மார்ச்சில் காசில்டன் ஊரின் பீக் கேவர்ன் குகையில் நீல் மாஸ் என்ற ஆக்ஸ்போர்டு மாணவர் ஒரு குறுகலான பொந்தில் சிக்கிக்கொண்டார். வயது 20. அவர் விட்ட மூச்சே பொந்தின் அடியில் தேங்கி அவரைக் கொன்றது. உடலைக்கூட எடுக்க முடியவில்லை. அவருடைய அப்பாவே இனி யாரும் உயிரைப் பணயம் வைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அது சுரங்கம் இல்லை, இயற்கைக் குகைதான். காற்றுக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

இன்னொன்று, பொய்த்தரை. தாது எடுத்த வெட்டுக்குக் குறுக்கே மரத்தடிகளைச் செருகி, அதன்மேல் கழிவுக் கல்லைக் கொட்டி நடைபாதை ஆக்கியிருப்பார்கள். மேலே பார்த்தால் கெட்டியான தரை. கீழே மரம் மக்கி நூறு நூற்றைம்பது வருஷம் ஆகியிருக்கும். கோலார் தங்கவயலில் நான் வேலை பார்த்தபோது பழைய லெவல்களுக்குள், அதாவது கிடைமட்டச் சுரங்கப் பாதைகளுக்குள், அளக்கப் போகையில் எங்கள் மேஸ்திரி கடப்பாரையால் தட்டிக்கொண்டேதான் நடப்பார். கெட்டிப் பாறை 'ணங்' என்று பதில் சொல்லும், வெற்றிடத்தின் மேல் 'தொப்' என்று அமுங்கும். தட்டாமல் யாரும் முன்னே போக முடியாது, எஞ்சினியராக இருந்தாலும்.

இப்போது உம்மா விஷயம். எந்த வாயில் இறங்குகிறோம், எத்தனை பேர், எத்தனை மணிக்கு வெளியே வருவோம் என்று மேலே ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் இறங்க வேண்டும். நேரம் தாண்டினால் அவர் அங்கத்திய அவசர எண் 999-ஐ அழைத்து, போலீஸைக் கேட்டு, குகை மீட்புக் குழு வேண்டும் என்று சொல்ல வேண்டும். அந்த ஆள் ஷெஃபீல்டில் இருக்க வேண்டும், கீழக்கரையில் அல்ல. ஆனால் மறைத்துப் போகிறவன் அந்தச் சீட்டையும் எழுதிக் கொடுக்க மாட்டான் என்பது என் அனுபவம்.

கேள்வி: உச்சிப்புளி பக்கம் எங்கள் பட்டா நிலத்தில் சவடு எடுக்க ஒருவருக்கு விட்டிருந்தோம். எடுத்த மட்டும் எடுத்துவிட்டுக் குழியை அப்படியே போட்டுவிட்டுப் போய்விட்டார். சுற்றிலும் சீமைக் கருவேலம் மண்டிவிட்டது. ஊர்ப் பையன்கள் அதில் இறங்கி, பக்கச் சுவரைக் குடைந்து குகை மாதிரி செய்து உள்ளே உட்கார்ந்து விளையாடுகிறார்கள். "அத்துமீறி நுழைவோர் தண்டிக்கப்படுவர்" என்று போர்டு வைத்தால் எனக்குப் பொறுப்பு வராதல்லவா?
— வாசகி, உச்சிப்புளி

பதில்: போர்டு உங்களைக் காப்பாற்றாது, அம்மா. 2024 ஜூலை முதல் அமலில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் 329-ஆம் பிரிவு அத்துமீறி நுழைதல் பற்றியது. குற்றம் செய்யவோ, நிலத்தை வைத்திருப்பவரை மிரட்டவோ, அவமதிக்கவோ, தொந்தரவு செய்யவோ நினைத்து நுழைந்தால்தான் அது குற்றம். குகை தோண்டி விளையாட வந்த பத்து வயசுப் பையனுக்கு அந்த நோக்கம் ஏது? மாறாக, ஆபத்து இருப்பது தெரிந்தும் நீங்கள் சும்மா இருந்தீர்கள் என்று வந்தால், அஜாக்கிரதையால் மரணம் என்று 106-ஆம் பிரிவு இருக்கிறது. ஐந்து வருஷம் வரை தண்டனை. வழக்கு எப்படிப் போகும் என்பது வக்கீல் பேச வேண்டியது. எனக்குத் தெரிந்தது மண்.

நம் கடற்கரை மணலின் குணத்தைப் பாருங்கள். லேசான ஈரத்தில் சுவர் மாதிரி செங்குத்தாக நிற்கும். மணல் துகளுக்கும் துகளுக்கும் நடுவே இருக்கிற மெல்லிய தண்ணீர்ப் படலம்தான் இழுத்துப் பிடித்திருக்கிறது. வெயிலில் காய்ந்தால் அந்தப் பிடி விட்டுப்போகும். ஐப்பசி மழையில் முழுக்க ஊறினாலும் விட்டுப்போகும். காய்ந்த மணல் ஏறக்குறைய 35 டிகிரிச் சரிவுக்கு மேல் நிற்காது. காலையில் குடைந்தபோது கெட்டியாக இருந்த கூரை மத்தியானம் சொல்லாமல் கொள்ளாமல் உட்காரும். ஒரு கன மீட்டர் மணல் ஒன்றரை டன்னுக்குக் குறையாது. தலை வெளியே இருந்தாலும் நெஞ்சு வரை புதைந்தால் மூச்சை இழுக்க இடம் இருக்காது. அலறக்கூட முடியாது.

செய்ய வேண்டியது இதுதான். நாளைக்கே ஒரு ஜேசிபியை வைத்துச் செங்குத்துச் சுவர்களை உடைத்துச் சரிவாக்குங்கள். குகையை அடைக்காதீர்கள், இடித்துவிடுங்கள். அடைத்தால் பக்கத்தில் இன்னொன்று தோண்டுவார்கள். இடிப்பதற்கு முன் உள்ளே யாரும் இல்லை என்று ஆள் விட்டுப் பார்க்க வேண்டும். வெட்டிய கருவேல முள்ளை விளிம்பில் நெருக்கமாகப் போடுங்கள். அந்த முள்ளுக்கு இருக்கிற மரியாதை எந்த போர்டுக்கும் கிடையாது. மழைக்கு முன்னால் முடித்துவிடுங்கள். தண்ணீர் நின்றுவிட்டால் அடுத்த கவலை நீச்சல் தெரியாத பிள்ளைகள்.

செலவை நீங்கள் மட்டும் சுமக்க வேண்டியதில்லை. சவடு எடுக்க அவர் பெயரில் உத்தரவு வாங்கியிருந்தால் எவ்வளவு ஆழம், எப்படி முடிக்க வேண்டும் என்று அதில் நிபந்தனை இருக்கும். நகலைத் தேடி எடுங்கள். உத்தரவே இல்லாமல் எடுத்திருந்தால் உங்களுக்கும் கேள்வி வரும், அதற்கும் தயாராக இருங்கள். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கலெக்டர் ஆபீஸில் மனு கொடுத்து ரசீது வாங்குங்கள். கனிமவளத்துறை உதவி இயக்குநருக்கு ஒரு நகல், உங்கள் வி.ஏ.ஓ.வுக்கு ஒரு நகல்.

2019 அக்டோபரில் மணப்பாறை பக்கம் நடுக்காட்டுப்பட்டியில், வீட்டுத் தோட்டத்தில் கைவிட்ட ஆழ்துளைக் கிணற்றில் இரண்டு வயசுக் குழந்தை விழுந்ததை நாடே டிவியில் பார்த்தது. அதன் பிறகு கொஞ்ச நாள் எல்லா ஊரிலும் போர்வெல்லுக்கு மூடி போட்டார்கள். சவடுக் குழியை யாரும் எட்டிப் பார்க்கவில்லை.

கேள்வி: நண்பர்கள் ஐந்து பேர் நீலகிரி தேவாலாவில் உள்ள பழைய தங்கச் சுரங்கங்களுக்குள் போய் வீடியோ எடுக்கத் திட்டம். எஸ்டேட் வாட்ச்மேனுக்கு ஏதாவது கொடுத்தால் போதும் என்கிறார்கள். போகலாமா?
— கல்லூரி மாணவர், பரமக்குடி

பதில்: வேண்டாம்.

காரணம் கேட்பீர்கள். 1880 வாக்கில் தேவாலா, பந்தலூர் பக்கம் தங்கம் கொட்டிக் கிடக்கிறது என்று லண்டனில் கம்பெனி மேல் கம்பெனியாக ஆரம்பித்துப் பங்கு விற்றார்கள். சில வருஷத்தில் எல்லாம் படுத்துவிட்டது. தங்கம் எடுத்தவனைவிடப் பங்கு விற்றவன்தான் சம்பாதித்தான் என்பது என் அபிப்பிராயம். விட்டுப் போன குகைகள் மட்டும் மலைச்சரிவில் வாயைத் திறந்துகொண்டு இருக்கின்றன. மழை மிகுந்த ஊர், பாறை அழுகிக் களிமண்ணாகிக் கிடக்கும். தூள் தங்கத்துக்காகத் திருட்டுத்தனமாக உள்ளே போய் மண் சரிந்து செத்தவர்கள் உண்டு. அந்த வட்டாரத்தில் நிலம் யாருடையது என்பதே 1969-ஆம் ஆண்டு ஜென்மி நில ஒழிப்புச் சட்டத்திலிருந்து இழுபறி. எஸ்டேட்டா, அரசா, வனத்துறையா என்று கோர்ட்டே தலையைச் சொறிகிற இடத்தில் வாட்ச்மேன் எதை வைத்து அனுமதி தருவார்? அவர் வேலை போகும், அவ்வளவுதான். போதாக்குறைக்கு யானை நடமாடும் தடம் வேறு.

எஸ்டேட் மேனேஜருக்கு எழுதி, அவர்கள் ஆள் துணையோடு வாய்ப்புறத்தை வெளியே நின்று படம் எடுங்கள். பந்தலூர் கதையை அங்கே நின்றே சொல்லலாம்.

கேள்வி: என் தாத்தா கோலார் தங்கவயலில் வேலை பார்த்தவர், மாரிக்குப்பத்தில் குடியிருந்தார்கள். நான் கல்யாணமாகிப் பாம்பன் வந்து வருஷங்கள் ஆகிவிட்டன. தாத்தா இறங்கிய சுரங்கத்தை என் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும். உள்ளே விடுவார்களா?
— வாசகி, பாம்பன்

பதில்: உள்ளே விட மாட்டார்கள். விட்டாலும் போக இடம் இல்லை. 2001 பிப்ரவரி 28-இல் மூடினார்கள். பம்பை நிறுத்தியதும் தண்ணீர் ஏற ஆரம்பித்தது. மூன்று கிலோமீட்டருக்கும் ஆழமான சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில், உங்கள் தாத்தா வியர்த்து நின்ற லெவல்கள் இன்று தண்ணீருக்குள். அது தனியார் நிலமும் இல்லை, மத்திய அரசின் பாரத் கோல்டு மைன்ஸ் சொத்து. வளாகத்துக்குள் கால் வைக்க அவர்கள் அனுமதி வேண்டும்.

ஆனால் போய் வாருங்கள். பங்காருப்பேட்டையில் இறங்கி மாரிக்குப்பம் ரயில் பிடித்தால் கடைசி ஸ்டேஷன். ரோட்டிலிருந்தே ஷாப்டு கோபுரங்கள் தெரியும். தங்கம் பிரித்தபின் கொட்டிய சயனைடு மேடுகளைக் காட்டுங்கள், காற்றடிக்கும் நாளில் பிள்ளைகளை அதன் தூசியில் விளையாட விடாதீர்கள். பிள்ளைகள் "கீழே திசை எப்படித் தெரியும்?" என்று கேட்டால் இதைச் சொல்லுங்கள்: ஷாப்டின் வாயிலிருந்து இரண்டு கம்பிகளைக் கனமான குண்டு கட்டித் தொங்கவிடுவோம். குண்டு ஆடாமல் இருக்க அடியில் எண்ணெய் வாளிக்குள் முங்கி நிற்கும். மேலே அந்த இரண்டு கம்பியும் காட்டுகிற கோடு எந்தத் திசையோ, கீழேயும் அதே திசை. அந்த ஒரு கோட்டை நம்பித்தான் சுரங்கம் முழுக்க வெட்டினோம். உங்கள் தாத்தா கேஜ் என்ற இரும்புக் கூண்டில் இறங்கும்போது அந்தக் கம்பிகளுக்காகக் காத்திருக்க நேர்ந்து எங்களைத் திட்டியிருப்பார். எல்லோரும் திட்டினார்கள்.

கேள்வி: முன்பு சுண்ணாம்புக்காகப் பவளப்பாறை வெட்டிய இடங்களைக் கடலுக்கடியில் போய்ப் பார்க்கலாமா? அதுவும் கைவிட்ட குவாரிதானே?
— வாசகர், மண்டபம்

பதில்: குவாரிதான், நல்ல பார்வை. ஆனால் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிய கடலும் 1986 முதல் தேசியப் பூங்கா. வனத்துறை அனுமதி இல்லாமல் போகக் கூடாது. 2001-இலிருந்து பவளத்தை உடைப்பதும் எடுப்பதும் புலியைக் கொல்வதற்குச் சமமான பட்டியலில் இருக்கிறது. அந்த 21-இல் இரண்டு, கீழக்கரைப் பக்கத்துப் பூவரசன்பட்டியும் தூத்துக்குடிப் பக்கத்து விலங்குசல்லியும், இப்போது நீர்மட்டத்துக்கு மேலே இல்லை. அலையைத் தடுத்த பாறையை வெட்டி எடுத்ததுதான் முக்கியக் காரணம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். மண்டபத்தில் கண்ணாடி அடித்தளப் படகு விடுவது வனத்துறைதான், அவர்களிடமே கேளுங்கள்.

கேள்வி: புவியியல் ஆசிரியர் நான். மேல்நிலை மாணவர்களை ஒரு கைவிட்ட கருங்கல் குவாரிக்கு அழைத்துப் போக விருப்பம். மேலூர் பக்கம் தெரிந்தவர் நிலம். அனுமதிக் கடிதத்தை எப்படி எழுதுவது?
— ஆசிரியர், தொண்டி

பதில்: முதலில் நிலம் தெரிந்தவருடையதுதானா என்று பாருங்கள். சர்வே நம்பரை வாங்கி இணையத்தில் பட்டாவையும் புலப்படத்தையும் எடுங்கள். புறம்போக்கு கலந்திருந்தால் அவர் அனுமதி பாதிக்குத்தான் செல்லும். பட்டாதாரருக்கு மேல்மண் மட்டுமா, அடியிலும் உரிமை உண்டா என்று சண்டை போடுவார்கள். சாதாரணமாக நிலத்தோடு சேர்ந்ததே அடிநிலமும் என்று 2013-இல் கேரள நிலங்கள் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. உங்களுக்கு அது தேவையில்லை, நீங்கள் கல் எடுக்கப் போவதில்லை. மேலூர் வட்டாரத்தில் 2012-இலிருந்து வழக்கில் முடங்கிக் கிடக்கும் குவாரிகள் நிறைய. அவற்றில் ஒன்றாக இருந்தால் நில உரிமையாளர் சரி என்றாலும் மாவட்ட நிர்வாகத்தின் ஒப்புதல் இல்லாமல் போகாதீர்கள்.

கடிதம் ஒரு பக்கம் போதும், முத்திரைத்தாள் வேண்டாம். எந்த சர்வே நம்பர், எந்தத் தேதி, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, எத்தனை மாணவர், உடன் வரும் பெரியவர் எத்தனை பேர் என்று எழுதுங்கள். குவாரி விளிம்புக்கும் தேங்கிய தண்ணீருக்கும் எவ்வளவு தூரத்தில் நிற்பீர்கள் என்று நீங்களே ஒரு எல்லை போட்டு எழுதுங்கள். கருங்கல் குவாரித் தண்ணீர் குளம் போல் சரிந்து ஆழமாவதில்லை, முதல் அடியிலேயே ஆள் மூழ்கும். "விபத்துக்கு நில உரிமையாளர் பொறுப்பல்ல" என்று ஒரு வரி சேர்த்தால் அவருக்கு ஆறுதல், ஆனால் பிள்ளைகள் சார்பில் அதை எழுதிக் கொடுக்க உங்களுக்கு அதிகாரம் இல்லை. பெற்றோர் சம்மதம் தனியாக வாங்க வேண்டும். கீழே இரண்டு கைபேசி எண் போடுங்கள். ஒன்று உங்களுடையது. மற்றது உங்களோடு வராமல் பள்ளியிலேயே இருக்கப்போகிற ஒருவருடையது.